மாத்திரை மேல் விழுந்த வெளிச்சம்

ஜூலை 3

அன்புள்ள சித்திக்கு,

முதலில் எனக்கு ஒரு சத்தியம் வேண்டும். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. சித்தப்பாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது. அப்பாவிடம் கேட்கவே கூடாது. நீங்கள் சத்தியம் செய்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த வரியை எழுதுகிறேன்.

உங்கள் முதுகுவலி இப்போது தேவலையா? சித்தப்பா சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். அம்மா நன்றாக இல்லை.

நின்றே போய்விட்டது என்று நாம் நினைத்த வலிப்பு திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை மாடிப்படியில். அடுத்தது, துணி மடித்துக்கொண்டிருந்தபோது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணியை வைத்தேன். அழவில்லை. பிறகுதான் அழுதேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஏன் வருகிறது என்று அப்பா கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்றாள் அம்மா. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப மாத்திரையா பொய் சொல்லுது?"

சித்தி, அந்தக் கேள்வி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை பொய் சொல்லுமா? சொல்லும் என்று செய்தித்தாளில் படித்தேன். வெறும் மாவை அழுத்தி, நிறம் பூசி, நல்ல மருந்து மாதிரியே விற்கிறார்களாம். போன மாதம் எங்கள் மருந்துக்கடையில் அப்பா போனில் பேசியதைக் கேட்டேன். "பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருந்தா போதும், விலையைக் குறைச்சுக் குடுங்க. யாரு உத்துப் பாக்கப் போறா?" என்று சொல்லிச் சிரித்தார். என்ன சரக்கு என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

உங்கள் ஆய்வகத்தில் நீங்கள் வேலை செய்யும் கருவி வெளிச்சத்தை வைத்தே ஒரு பொருள் என்னவென்று கண்டுபிடிக்கும் என்று ஒருமுறை சொன்னீர்களே. அம்மா போடுகிற மாத்திரையில் இரண்டை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுப் போனில் உங்கள் எண் வந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பதிலை ஒட்டகத்தின் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒட்டகம் என் தோழி. கழுத்து கொஞ்சம் நீளம், மற்றபடி நல்லவள். முகவரி பின்பக்கம்.

இப்படிக்கு, பயந்துபோயிருக்கும் உங்கள்
சுண்டெலி


ஜூலை 15

என் சுண்டெலிக்கு,

சத்தியம் செய்தாயிற்று. யார் கடிதம் என்று சித்தப்பா கேட்டதற்கு மின்சாரக் கட்டண ரசீது என்றேன். இவ்வளவு தடிமனாகவா என்று பார்த்தார், விட்டுவிட்டார். முதுகு அப்படியே இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஒத்துப்போய்விட்டது.

முதலில் அம்மா. அவளை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். என் கருவி என்ன சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. நீ சொன்னதாகச் சொல்லாமல், பயமாக இருக்கிறது என்று அழு. அழுதால் வேலை நடக்கும். நம் குடும்பத்தில் அது எப்போதும் நடந்திருக்கிறது.

இனி மாத்திரை. நான் செய்வது இதுதான்: ஒரு பொருள்மேல் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சுவேன். பெரும்பாலான வெளிச்சம் போன நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒரு துளி மட்டும் அந்தப் பொருளோடு உரசி, நிறம் கொஞ்சம் மாறி வரும். அந்த மாறிய துளிகளைப் பிரித்து அடுக்கினால் திரையில் கோடு கோடாக எழும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோட்டு வரிசை. கைரேகை மாதிரி.

நீ அனுப்பியதைப் பச்சை லேசரில் வைத்தேன். உன் அம்மா செல்லோடேப் சாப்பிடுகிறாள் என்று கருவி சொல்கிறது. பசையெல்லாம் மாத்திரைமேல் ஏறிவிட்டது, மகளே. கருவி பசையை மிக அழகாகக் காட்டியது. சுரண்டிப் பார்க்கலாம் என்றால் ஒன்று தபாலில் உடைந்து பொடியாகிவிட்டது, இன்னொன்றில் தாளின் நாரும் ஒட்டியிருக்கிறது. புதிதாக அனுப்பு. ஒட்டாதே. காகிதத்தில் சுற்றாதே. கையில் கிரீம் பூசிக்கொண்டு தொடாதே.

சாப்பிடு, தூங்கு. டாக்டர் சொன்னதை எழுது.

அன்புடன்,
சித்தி


ஜூலை 24

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. செல்லோடேப் விஷயத்தைப் படித்துச் சிரித்ததில் ஒட்டகத்தின் அம்மா எட்டிப் பார்த்தார். பாடத்தில் ஒரு நகைச்சுவை என்று சமாளித்தோம். எங்கள் பாடத்தில் நகைச்சுவை எது என்று அவர் கேட்கவில்லை.

அழுதேன். வேலை நடந்தது. அப்பாவே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனார், நானும் போனேன். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா என்றுதான் டாக்டரும் முதலில் கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், செய்யாத தப்புக்கு. டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொடுத்தார். வரும் வழியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். நான் நடுவில் நடந்தேன்.

சித்தி, நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நல்லவர் என்றும் எழுதவில்லை, கெட்டவர் என்றும் எழுதவில்லை. உங்களுக்கும் அவருக்கும் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கு முதன்முதலில் வலிப்பு வந்தபோது எல்லார் முன்னாலும் நீங்கள், "மருந்துக்கடை வச்சிருந்தா டாக்டர் ஆயிடுவீங்களா?" என்று கேட்டீர்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நீங்கள் இங்கே வரவில்லை. நான் யார் பக்கம் என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இந்தத் தடவை மாத்திரைகளைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பஞ்சு சுற்றி அனுப்புகிறேன். பள்ளி அறிவியல் அறையில் கேட்டு வாங்கியது. திறக்காமலே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் அல்லவா?

உங்கள்
சுண்டெலி


ஆகஸ்ட் 6

சுண்டெலிக்கு,

சுகம்தானே? இங்கே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

குப்பி பத்திரமாக வந்தது. அறிவாளித்தனமான யோசனைதான், ஆனால் திறந்துதான் ஆக வேண்டும். காரணம் சொல்கிறேன். பச்சை லேசரில் மறுபடியும் வைத்தேன். இந்தத் தடவை மாத்திரையே ஒளிரத் தொடங்கிவிட்டது. மேல்பூச்சைச் சுரண்டினேன், உள்ளேயும் ஒளிர்கிறது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும்போது கொசு பாடுவதைக் கேட்க முடியுமா? அந்த மாதிரி, எனக்கு வேண்டிய கோடுகள் எல்லாம் அந்த ஒளிர்வில் மூழ்கிப் போயின.

அதற்குத்தான் எங்கள் கருவியில் இன்னொரு லேசர் இருக்கிறது. புற ஊதா. கண்ணுக்குத் தெரியாது. அதில் பார்த்தால் ஒளிர்வு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், கோடுகள் வேறு பக்கம் தனியாக நிற்கும். மிக்சியை இன்னொரு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. ஆனால் சாதாரணக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் உன் குப்பி உதவாது. ஸ்படிகக் கண்ணாடியில் செய்த தட்டு வேண்டும், அது இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் பொருளைக் கருக்கியும் விடும், அதனால் மாத்திரையைச் சுழலவிட வேண்டும், அதுவும் முடியும்.

முடியாதது ஒன்றுதான். புற ஊதா லேசருக்குள் இருக்கும் படிகம் பழுதாகிவிட்டது. புதியதற்குச் சொல்லியிருக்கிறோம். வந்து பொருத்தியதும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் உன் மாத்திரையைத்தான் முதலில் வைப்பேன். ஆய்வகத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

பொறு. கூட்டிய அளவில் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சித்தி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருங்கள். இங்கே யாரும் நலமில்லை.

அளவைக் கூட்டியபின் அம்மாவுக்கு மாத்திரையைத் தன் கையாலேயே கொடுக்கப்போவதாக அப்பா சொன்னார். நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பேன். அவர் அம்மாவின் வாயில் போட்டு, விழுங்கும் வரை நின்று பார்ப்பார். அம்மா ஒருமுறை, "நாக்கையும் நீட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

அப்படிக் கொடுத்தும் நேற்று வந்துவிட்டது. சமையலறையில் விழுந்ததில் மேடையின் முனை நெற்றியில் கிழித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள். கண் இமை வரை வீங்கியிருக்கிறது. அடுப்பு அணைந்திருந்தது. எரிந்துகொண்டிருந்தால் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அப்பா இந்தத் தடவை அம்மாவைத் திட்டவில்லை. திட்ட முடியாது, அவர் கையால்தானே கொடுத்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏதோ தெரியும் சித்தி. தெரிந்தவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

படிகம் வந்துவிட்டதா? வந்ததும் ஒரு வரி போதும்.

சுண்டெலி


செப்டம்பர் 1

சித்திக்கு,

சுகமா? ஒட்டகத்தின் வீட்டுக்குத் தினமும் போய்க் கேட்டுவிட்டேன். உங்கள் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார்.

கோபமா? அல்லது முடிவு தெரிந்து, என்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறீர்களா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. சொல்லக் கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். என்ன என்று இப்போது எழுதமாட்டேன். செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இனி யாருடைய வீட்டிலும் ஒரு அம்மா விழக் கூடாது, அவ்வளவுதான்.

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பாட்டரி தீர்கிறது.

சுண்டெலி


செப்டம்பர் 2

என் சுண்டெலிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவின் நெற்றியை நினைத்து எனக்கும் தூக்கம் இல்லை. படிகம் போன வாரம்தான் வந்தது. பொருத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர நேற்று ஆகிவிட்டது. இன்று காலை முதல் வேலையாக உன் மாத்திரை.

நன்றாகக் கேட்டுக்கொள். அது மாவு இல்லை. போலி இல்லை. அட்டைமேல் என்ன மருந்து என்று எழுதியிருக்குமோ அதே மருந்து. புற ஊதாவில் அந்த மருந்தின் கோடுகள் ஓங்கி எழுந்து நிற்கின்றன. எங்களிடம் இருக்கும் சுத்தமான மருந்தின் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. உன் அப்பா நல்ல சரக்குத்தான் விற்கிறார்.

இனி நான் எழுதப்போவதை நீயும் யாருக்கும் காட்டாதே. உன் முதல் கடிதத்தைப் படித்தபோது, "அப்பவே நான் சொன்னேன்" என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. இன்று காலை கோடுகள் எழும்புவதற்கு முன், அவை எழும்பாமல் போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். என் அக்காவின் உயிர் அந்த மாத்திரையில் இருக்கிறது என்று தெரிந்தும் நினைத்தேன். உன் அப்பாவைப் பற்றி நான் ஏன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று கேட்டாயே, இதனால்தான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. சுத்தமான மருந்தின் கோடுகளுக்கும் இதற்கும் சில இடங்களில் மயிரிழை வித்தியாசம். சாதாரணக் கருவி என்றால் இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்திருக்கும். எங்களுடையது பிரித்துக் காட்டுகிறது. மாத்திரையும் கல் மாதிரி இறுகிப்போயிருக்கிறது, கத்தி வழுக்கிவிட்டது. அம்மா மாத்திரையை எங்கே வைக்கிறாள்? பிரிக்காத அட்டை ஒன்றும், அம்மா வைத்திருப்பதில் ஒன்றும், தனித்தனியாக அனுப்பு.

அன்புடன்,
சித்தி


செப்டம்பர் 9

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை ஒட்டகத்தின் வீட்டு மாடியில் நின்று படித்தேன். பாதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நலம் விசாரிக்க மறந்துவிட்டால் மன்னியுங்கள்.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன். அப்பாவின் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. மருந்து பற்றிப் புகார் இருந்தால் எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று முகவரி போட்டிருக்கும். அப்பாவே மாட்டியது, தினமும் துடைப்பார். அந்த முகவரிக்கு, இந்தக் கடையில் போலி வலிப்பு மாத்திரை விற்கிறார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டேன். இடது கையால், பெயர் போடாமல். உங்கள் கடிதம் கிளம்புவதற்கு முன்பே அது தபால்பெட்டிக்குள் போய்விட்டது. பயம் வந்து மறுநாளே பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கையை உள்ளே விட்டு எடுக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் விட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் கேளுங்கள். கடைக்கு மருந்து போட்டுக் கொடுக்கும் காகித உறைகள் புதிதாக வந்திருக்கின்றன. பெயர் அச்சடித்த மை கையில் ஒட்டிக்கொள்கிறது. வாங்கிப்போனவர்கள் எல்லாரும் நீல விரலோடு திரும்பி வந்து காட்டுகிறார்கள். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு, "யாரு உத்துப் பாக்கப் போறான்னு சொன்னேன், ஊரே பாக்குது" என்றார். அவர் போனில் பேசியது அந்த உறைகளைப் பற்றித்தான், சித்தி.

அட்டை வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். எதற்கு என்றார். அம்மா என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று படிக்கப்போகிறேன் என்றேன். முகமே மலர்ந்துவிட்டது. "எல்லாருக்கும் குடுக்கற அதே பெட்டியிலதான் உங்கம்மாவுக்கும் எடுக்கறேன். தேதி பாத்து, மேலயே வச்சிருக்கறதை எடுக்கறேன். நீ படிச்சு எங்க தப்புன்னு கண்டுபிடி" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "என்னால முடியல."

அம்மா மாத்திரையை வைப்பது குளியலறை அலமாரியில். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து, பழைய முகக் கிரீம் டப்பாவில் போட்டுவைப்பாள். நான் ஏன் என்று கேட்டதற்கு, "அட்டையைப் பாத்தா வர்றவங்க என்ன வியாதின்னு கேப்பாங்கடி. கிரீம் டப்பான்னா யாரு தொறக்கப்போறா?" என்றாள். முன்பு அலமாரியில் துணிக்கு நடுவில் வைப்பாள். குளியலறையில் வெந்நீர்க் குழாய் போட்டபிறகு அங்கே மாற்றிவிட்டாள். அப்பாவுக்கு அது தெரியாது. நான்தானே எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுப்பேன்.

இரண்டையும் தனித்தனியாக அனுப்புகிறேன். சீக்கிரம் பாருங்கள்.

உங்கள்
சுண்டெலி


செப்டம்பர் 20

என் கண்ணுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். பயத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

இரண்டு மாத்திரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அட்டையில் இருந்தது சுத்தமான மருந்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. டப்பாவில் இருந்ததில் கோடுகள் நகர்ந்திருக்கின்றன. மருந்து மாறவில்லை. ஆனால் தண்ணீரைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு இறுகிவிட்டது. இந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. வெந்நீர் ஆவியில் இருந்தால் அப்படி ஆகும். விழுங்கினாலும் வயிற்றில் சரியாகக் கரையாது, மருந்தில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். உன் அம்மா பொய் சொல்லவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை.

அம்மாவிடம் உடனே சொல். அட்டையைப் பிரிக்காமல், உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு முன் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அளவைக் கூட்டியிருக்கிறார், நல்ல மாத்திரை முழுசாக வேலை செய்தால் அந்த அளவு அதிகமாகிவிடலாம். இதை விட்டுவிடாதே.

எது எப்படி ஆனாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்பதால், இந்த முடிவை உன் வீட்டு முகவரிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், அப்பா பெயருக்கு. இத்தனை நாளைக்குப் பிறகு அவருக்கு நான் எழுதும் முதல் கடிதம். மாத்திரை யார் அனுப்பியது என்று எழுதவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

புகாரைப் பற்றி. அதிகாரிகள் வருவார்கள், மாதிரி எடுப்பார்கள், சோதிப்பார்கள், நல்ல மருந்து என்று தெரியும். என் முடிவை அவர்கள் ஏற்கமாட்டார்கள், அவர்கள் சோதனைதான் செல்லும். அதுவரை உன் அப்பாவுக்குக் கஷ்டம்தான். அவர்கள் வருமுன் நீயே அவரிடம் சொல்லிவிடு. வேறு யாரும் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் வருகிறேன்.

அன்புடன்,
சித்தி


அக்டோபர் 1

அன்புள்ள சித்திக்கு,

வராதீர்கள். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மா சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் சொன்னோம், அளவைப் பழையபடி குறைத்தார். மாத்திரை இப்போது அட்டையோடு படுக்கையறையில் இருக்கிறது. வலிப்பு வரவில்லை. தையலும் பிரித்தாகிவிட்டது.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை அதிகாரிகள் வந்துவிட்டார்கள். பள்ளி விட்டு வரும்போது கடைக்கு முன்னால் கூட்டம். வலிப்பு மாத்திரைப் பெட்டியைத் திறந்து மாதிரி எடுத்துக்கொண்டு, சோதனை முடியும் வரை கடையைத் திறக்கக் கூடாது என்று பூட்டி முத்திரை வைத்தார்கள். அப்பா தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் இருமல் மருந்து வாங்கும் ஒருவர், "நாங்க இத்தனை நாள் குடிச்சது என்னது?" என்று கேட்டார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "வீட்டுக்குப் போம்மா, இங்க நிக்காத" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மறுநாள் அவருக்கு உங்கள் கடிதம் வந்தது. எனக்கு எழுதியதும் அன்றுதான் ஒட்டகத்தின் வீட்டுக்கு வந்தது.

படித்து முடித்ததும், டாக்டரிடம் போகலாம், கிளம்பு என்றார். கூட்டிக்கொண்டு போய்வந்தார். அந்த வேலையை முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். உங்கள் கடிதத்தை அம்மா முன் நீட்டினார்.

"என் கடை மாத்திரையைச் சோதனை பண்ணிருக்கா உன் தங்கச்சி. நல்லா இருக்குன்னு எனக்கு எழுதறா. கெட்டதுன்னு அந்த அதிகாரிங்களுக்கு எழுதிட்டா. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் பேசினது பத்தலை போல."

அம்மா இல்லவே இல்லை என்றாள். அவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்றாள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரையை அவளுக்கு யாரு அனுப்பினது?"

சித்தி, நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தான் அனுப்பினேன்."

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். உங்கள் கால் இந்த வாசலில் படக் கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுவதில்லை. மாத்திரை நேரத்துக்கு வந்து, அட்டையிலிருந்து தானே எடுத்து, தண்ணீரோடு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். அவள் போடுகிறாளா என்று நின்று பார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பு சந்தேகப்பட்டார், நின்றார். இப்போது நம்புகிறார், நிற்கவில்லை.

அம்மாவிடம் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ படிக்கற புள்ள. உங்கப்பாவுக்கு நீ ஒருத்திதான் மிச்சம். என் மேல கோபம்னா தீந்துடும்" என்றாள். புகார் எழுதியதும் நான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அதை நீங்கள் எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறாள். எழுதியது நீங்கள்தான் என்று அப்பா சத்தியம் செய்கிறார். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் சாப்பிடுகிறேன், பள்ளிக்குப் போகிறேன், பரீட்சையில் நல்ல மதிப்பெண்கூட வாங்கிவிட்டேன்.

இன்று மாலையும் சொல்லலாம் என்று போனேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து, நீல மை ஒட்டும் அந்த உறைகளில் ஒவ்வொன்றாகக் கடைப் பெயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி திறந்தால் உதவும் என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் துடைத்தேன். "நீ ஒருத்தி இருக்கியே" என்றார். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுத்த உறையை எடுத்தேன்.

அதனால் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்று, என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவருடைய பேச்சையெல்லாம் வாங்கிக்கொள்வீர்கள். நீங்கள் அதைச் செய்வீர்கள். அம்மாவும் செய்துவிட்டாள். இரண்டு பேரும் எனக்காகத் தலையைக் குனிந்தால் நான் எங்கே போய்

கூடத்தில் விளக்கு எரிகிறது. அப்பாவின் காலடிச் சத்தம். என் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

தட்டுகிறார். அம்மா இப்படித் தட்ட மாட்டாள். "இன்னும் தூங்கலையா? லைட்டு தெரியுதே, யாருக்கு எழுதற?" என்று கேட்கிறார். கோபமாக இல்லை. டார்ச்சை அணைக்கப் போவதில்லை, சித்தி. கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, நான்தான் என்று